மெடிக்கல் கோடிங் சான்றிதழா, ஆன்லைன் எம்பிஏவா?

பி.எஸ்சி முடித்தாயிற்று, மருத்துவத் துறையில் இருக்க ஆசை, ஆனால் ஊசி போடுவது, வார்டில் நிற்பது எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டிலிருந்தே படித்துப் போக நம் ஊரில் முக்கியமாக இரண்டு வழி இருக்கிறது. மெடிக்கல் கோடிங், அதாவது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளி சார்ட்டைப் படித்து நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் பில்லுக்கான கோடு எண்களாக மாற்றும் வேலையைப் படித்து, அமெரிக்காவின் ஏஏபிசி என்ற கோடர்கள் அமைப்பு நடத்தும் சிபிசி சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் ஆன்லைன் எம்பிஏ. எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம். நான் கோடிங், அக்கா எம்பிஏ. நான் கோடிங் பக்கம்தான் நிற்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் கேட்கிற கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். எம்பிஏ இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். கோடிங்கை ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் சில மாதங்களில் தேர்வுக்குத் தயாராகலாம். எம்பிஏவுக்கு டிகிரி கட்டாயம். சிபிசி எழுத டிகிரி தேவையில்லை, ஆனால் சென்னை, கோவை, திருச்சி கம்பெனிகள் பெரும்பாலும் லைஃப் சயின்ஸ் பட்டதாரிகளைத்தான் கூப்பிடுகின்றன. தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோடு புத்தகங்களைத் திறந்து வைத்தே எழுதலாம், அதனால் மனப்பாடம் கை கொடுக்காது, எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வீட்டிலேயே கேமரா முன்னால் எழுதினேன். மேஜையில் மூன்று தடிப் புத்தகம், ஓரமெல்லாம் கலர் கலராகப் பக்க அடையாளச் சீட்டு, பென்சிலில் என் கையெழுத்துக் குறிப்புகள். கையால் எழுதிய குறிப்புக்கு அனுமதி உண்டு, குறிப்பெழுதிய தனித்தாளை ஒட்டி வைக்கக் கூடாது.

ஆனால் பெரும்பாலோர் சேரும் முன் யோசிக்காமல் விடுவது சான்றிதழைப் பராமரிக்கும் செலவைத்தான். எம்பிஏ ஒரு முறை வாங்கினால் வாங்கியதுதான், யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. சிபிசி அப்படி இல்லை. வருடா வருடம் டாலரில் சந்தா கட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 36 சிஇயூ, அதாவது தொடர்கல்விப் புள்ளிகள், காட்ட வேண்டும், விட்டுவிட்டால் பெயருக்குப் பின்னால் சிபிசி என்று போட்டுக்கொள்ள முடியாது. இதற்கு மேல் புத்தகச் செலவு. நோய்க்குப் போடும் ஐசிடி கோடுகள் அக்டோபர் 1-ல் மாறும், டாக்டர் செய்யும் சிகிச்சைக்குப் போடும் சிபிடி கோடுகள் ஜனவரி 1-ல் மாறும், அதனால் போன வருடப் புத்தகத்தை நம்பி உட்கார முடியாது.

இது தண்டச் செலவு என்று அக்கா சொல்வாள். நான் அப்படி நினைக்கவில்லை, அதற்குக் காரணம் எனக்கே நடந்த ஒரு விஷயம். 2020 கோடையில் ஒரு பயிற்சி மையத்தில் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். சர்க்கரை நோயாளிக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறும் இருந்தால் முதலில் இ11.22, அடுத்து சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு என்18 வரிசையில் ஒரு கோடு, மூன்றாம் நிலை என்றால் என்18.3 என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுச் சூழ்நிலையால் பாதியில் நிறுத்திவிட்டு 2023-ல் திரும்ப வந்து பார்த்தால் என்18.3 என்று மட்டும் போட்டால் செல்லாது. 2020 அக்டோபரிலிருந்தே அதை 3ஏ, 3பி என்று பிரித்து என்18.31, என்18.32 ஆக்கிவிட்டார்கள், எது என்று டாக்டர் எழுதாவிட்டால் என்18.30. டாக்டரைப் பார்க்க வரும் புது நோயாளிக்குப் போடும் 99201 என்ற சிபிடி கோடு எண்ணையே 2021 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அந்த மையமோ பழைய பிடிஎஃப்பையே புது பேட்சுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நம்பித் தேர்வு எழுதியிருந்தால் என் பணம் போயிருக்கும், வேலையில் அப்படிப் போட்டிருந்தால் அமெரிக்காவில் இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திருப்பி அனுப்பியிருப்பான், ஆடிட்டர் என் குவாலிட்டி மார்க்கைக் குறைத்திருப்பார்.

மூன்று வருட இடைவெளியிலேயே படித்தது பழசாகிவிடுகிற வேலை இது. அதனால்தான் சிஇயூவுக்காக உட்காரும் அந்த 36 மணி நேரத்தை நான் சுமையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சேரும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அனுபவம் இல்லாதவருக்குப் பாஸ் ஆனதும் கிடைப்பது சிபிசி-ஏ, அதாவது பயிற்சி நிலை என்று அடையாளம் போட்ட சிபிசி, அந்த ‘ஏ’ போவதற்கு இரண்டு வருட அனுபவத்துக்குக் கடிதம் வேண்டும். 80 மணி நேர அங்கீகரிக்கப்பட்ட வகுப்பு முடித்த சான்று இருந்தால் ஒரு வருட அனுபவம் போதும். ஆகவே வகுப்பில் சேரும்போதே அந்தச் சான்று தருவார்களா, புத்தகம் எந்த வருடப் பதிப்பு என்று இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போஸ்டர் போடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதை நான் பார்த்ததில்லை.

சரி, எம்பிஏ. நான் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலை பார்த்ததில்லை, அக்காவைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்துகொண்டே படித்தாள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், தனியார் பாலிசி என்று தினமும் முன்அனுமதிக்குப் போராடுகிற இடம் அது. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு படி மேலே போனாள், இப்போது என்ஏபிஹெச் தரச்சான்று வேலைகளையும் பார்க்கிறாள். ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தவர்களுக்கு அந்தப் பட்டம் உதவுகிறது என்று தோன்றுகிறது. வெளியிலிருந்து ஃபிரெஷராக வருபவருக்கு எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். அவளோடு படித்தவர்களில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன், அதை வைத்து எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது. கோடிங்கில் நாள் முழுக்க ஸ்கிரீன், சார்ட், டார்கெட். மனிதர்களோடு பேசிப் பழகும் வேலை வேண்டும் என்பவருக்கு அது மூச்சு முட்டும், அவர்கள் அக்கா வழியில் போவதுதான் சரி.

அந்த வழியில் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சைக்காலஜி, நியூட்ரிஷன் மாதிரி மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று 2025-ல் யுஜிசி நிறுத்திவிட்டது. அதனால் ‘ஹெல்த்’ என்று பெயரில் வருகிற எந்த ஆன்லைன் பட்டமாக இருந்தாலும், யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவான டிஇபி தளத்தில் அந்த வருடப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பாடத்தின் பெயரும் இருக்க வேண்டும். அப்புறம் சேர்வதற்கு டிஇபி ஐடி வேண்டும், அதை நீங்களே உங்கள் போன் நம்பரில் எடுங்கள், ஏஜெண்ட் கையில் கொடுக்காதீர்கள்.