வீட்டில் பாடிப் பதிய: கண்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா?

முதல் மைக் வாங்கப் போகிறவரிடம் பெரும்பாலும் கண்டென்சரைத்தான் சொல்வார்கள். காரணம் உண்டு. அதன் சவ்வு மிக மெல்லியது; மூச்சு, கமகத்தின் நெளிவு, கிட்டார் கம்பியில் விரல் உரசுவது எல்லாம் தெளிவாகப் பதியும். ஆனால் அதே தெளிவோடு மின்விசிறியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் பதியும். வெற்றுச் சுவர்களின் எதிரொலி இன்னும் மோசம். பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. அப்புறம், ஃபேண்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம், தரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பெரும்பாலும் வேண்டும்.

டைனமிக்கில் காந்தப் புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாகிறது. ஃபேண்டம் பவர் தேவையில்லை. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் இன்றும் மேடைகளில் இருக்கிறது, அவ்வளவு உறுதி. உதட்டிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடினால் குரல் முன்னால் நிற்கும், அறைச் சத்தம் பின்வாங்கும். ஆனால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டி வைக்க வேண்டும். உச்சஸ்தாயியின் மினுமினுப்பு கொஞ்சம் குறையும்.

அமைதியான அறையில் வீணையோ அக்கூஸ்டிக் கிட்டாரோ வாசிப்பவருக்குக் கண்டென்சரே சரி. தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் பாடுபவருக்கு நான் டைனமிக்கைத்தான் சொல்வேன். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.