மூளை அலை காட்டும் ஹெட்பேண்ட்: மூன்று மாதம் கட்டிப் பார்த்த பிறகு

கருவி நல்ல கருவி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வருத்தமெல்லாம் பெட்டியின் மேல் இருக்கும் வாசகத்தில்தான்: உங்கள் நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்) துடிப்பதை நேரலையில் பார்க்கலாமாம். பார்க்க முடியாது.

ஒரு நியூரானின் துடிப்பு, அதாவது அது எழுப்பும் குட்டி மின் அதிர்வு, கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். செல்லுக்குள் அது 100 மில்லிவோல்ட் அளவுக்கு எகிறினாலும், வெளியே 1 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே தடம் தெரியாது. இந்த ஹெட்பேண்ட் நொடிக்கு 256 முறை அளக்கிறது, அதாவது இரண்டு அளவுகளுக்கு நடுவே ஏறக்குறைய 4 மில்லிசெகண்ட் இடைவெளி, அதற்குள் துடிப்பு வந்தும் போயிருக்கும்.

அப்படியென்றால் திரையில் நெளிவது என்ன? ஒரு நியூரானுக்கு மற்ற நியூரான்களிலிருந்து செய்தி வந்து சேரும்போது சினாப்ஸ்களில் (நியூரான்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில்) எழும் மின்னோட்டம் துடிப்பைவிட மெதுவானது, பத்துக் கணக்கான மில்லிசெகண்ட் நீடிக்கும். மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் பிரமிட் வடிவச் செல்கள் நெல் நாற்றுப் போல ஒரே வாக்கில் வரிசையாக நிற்பதால், அந்த மெதுவான ஓட்டங்கள் ஒன்றோடொன்று கூடி, மண்டையோட்டையும் தாண்டி, சில பத்து மைக்ரோவோல்ட்டாக நெற்றிக்கு வந்து சேர்கின்றன. இதில் எண்ணிக்கையைவிட ஒத்திசைவுக்குத்தான் மதிப்பு. 10,000 செல்கள் ஆளுக்கொரு நேரத்தில் இயங்கினால் சுமார் 100 செல் அளவுக்குத்தான் அலை கிடைக்கும், எல்லாம் சேர்ந்து இயங்கினால் முழு 10,000.

ஹெட்பேண்டோடு வரும் ஆப் சறுக்குவது இங்கேதான். அலை உயர்ந்தால் 'மூளை சுறுசுறுப்பு' என்று மதிப்பெண் போடுகிறது. ஆனால் ஆழ்ந்த தூக்கத்தில்தான் ரொம்பப் பெரிய அலைகள் வரும், அவற்றின் ஒரு பாதியில் புறணி நியூரான்கள் பெரும்பாலும் சேர்ந்தாற்போல் மௌனமாகிவிடும்! அதற்காக அலைக்கும் துடிப்புக்கும் உறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அலையின் எந்தக் கட்டத்தில் ஒரு நியூரான் துடிக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம், ஒவ்வொரு சுற்றிலும் அது துடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இப்படி ஒரு நுட்பமான உறவை ஒற்றை மதிப்பெண்ணுக்குள் அடைத்துவிட்டார்களே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

சரி, பிடித்தது எது? கண்ணை மூடினால் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆல்ஃபா அலை எழும்புகிறது, திறந்தால் அடங்குகிறது. 1929-ல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் உலகுக்குச் சொன்ன அதே அலை, என் தலையிலிருந்தே! முதல் நாள் இருபது முறையாவது கண்ணை மூடித் திறந்திருப்பேன். ஆல்ஃபா பின்மண்டையில்தான் பலமாக இருக்கும், அதனால் நெற்றி எலக்ட்ரோடுகளை (தோலில் பட்டு மின்சாரத்தை அளக்கும் முனைகளை) விட்டுவிட்டுக் காதுக்குப் பின்னால் இருப்பவற்றைப் பாருங்கள். நெற்றியில் கண் சிமிட்டல்தான் பெரிதாகத் தெரியும், பல்லைக் கடித்தால் தசை மின்சாரம் மொத்தத்தையும் மூடிவிடும், ஆப் அதையும் பீட்டா (ஆல்ஃபாவைவிட வேகமான மூளை அலை) என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

மூலப் பதிவை அப்படியே கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். மதிப்பெண் பக்கத்தை நான் திறப்பதே இல்லை. கட்டுவதற்கு முன் எலக்ட்ரோடுகளை லேசாக ஈரப்படுத்துங்கள், அப்புறம் சார்ஜர் வயர் பக்கத்தில் உட்காராதீர்கள், மின்சார இரைச்சல் உள்ளே வந்துவிடும்.