ஐப்பசி மழைக்கு எந்த மறுபுனைவு?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் சாயங்காலம் வெளியே வேலையில்லை. கரண்டும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பழங்கதையைப் புதிதாகச் சொல்லும் புத்தகங்களுக்கு இதுதான் காலம்.

ஒரே ராத்திரிதான் கையில் என்றால் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ சிறுகதை. ஆனால் முதலில் கம்பனின் அகலிகைப் படலத்தைப் புரட்டிவிடுங்கள். வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பனில் கல்லாகிறாள். கல் பெண்ணானதும் கம்பன் அவளைக் கௌதமனிடம் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். சீதை தீக்குளித்த சேதி கேட்டு அகலிகை மறுபடி கல்லாவது, மூலம் தெரிந்தவருக்கே சுருக்கென்று தைக்கும். தெரியாதவருக்கு வெறும் திடீர் முடிவு.

ஒரு வாரம் கிடைத்தால் எம்.வி. வெங்கட்ராமின் ‘நித்யகன்னி’. எங்கள் ஓட்டு இதற்குத்தான். பாரதத்தின் உத்தியோக பருவத்தில் காலவன் குருதட்சணைக்காக, ஒரு காது மட்டும் கறுத்த 800 வெள்ளைக் குதிரைகளைத் தேடி அலைகிறான். யயாதியிடம் குதிரை இல்லை, மகள் மாதவியைக் கொடுக்கிறான். மூன்று அரசர்கள் ஆளுக்கு 200 குதிரை தந்து, ஆளுக்கொரு பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். குறைந்த 200க்கு ஈடாக, தட்சணை கேட்ட குரு விசுவாமித்திரரே அவளை ஏற்கிறார். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கன்னிமை திரும்பும், வரமாம்! பாரதம் கணக்கு நேர் செய்வதுபோல் சொல்லிப்போகும் இதை, நாவல் மாதவி பக்கம் நின்று பார்க்கிறது.

பாரதத்தை மறுபடி சொல்லும் ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014இல் தொடங்கி 2020இல் முடிந்த 26 நாவல்கள். ஒரு மழைக்காலத்துக்குள் அடங்காது. பெயரைப் பார்த்து ‘மழைப்பாடலை’ எடுத்துவிடாதீர்கள், அது இரண்டாவது. ‘முதற்கனலில்’ ஆரம்பியுங்கள். நாலாவதான ‘நீலம்’ கவிதை நடைக்குத் தாவுவதால் வேகம் தட்டும். திணறினால் தாண்டி ‘பிரயாகை’க்குப் போகலாம், கதை அறுபடாது.

‘பாஞ்சாலி சபதம்’ வேறு ரகம். பாரதி புதுவையில் இருந்தபோது எழுதியது, முதல் பாகம் 1912இல் வந்தது. மனசுக்குள் படித்தால் பாதி போச்சு. ஐந்து சருக்கம், ராத்திரிக்கு ஒன்றாக வாய்விட்டுப் படிக்கலாம். வழிப்பயணத்தில் அர்ச்சுனன் பாஞ்சாலிக்கு அந்தி வானத்தைக் காட்டும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் மறுபுனைவில் சேராது, அது கச்சாப் பொருள். வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தோது. ஆனால் பெரியவர்களுக்கான கதைகளையும் அவர் கூச்சமில்லாமல் தொகுத்தவர். எனவே பிள்ளைகளைக் கூப்பிடுமுன் நீங்கள் ஒருதரம் படித்துப் பார்த்துவிடுங்கள்.