ஓவன் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுகிறீர்களா? லேபிள் இல்லாத பாட்டிலை வீட்டுக்குள் விடாதீர்கள்

வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடப் போகிறவர்கள், முக்கியமாக ஓவனைச் சுத்தத்துக்குக் கொடுக்கப் போகிறவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். எனக்குப் பணமும் போனது, ஓவனும் கெட்டது. வேலைக்கு வந்த பையனின் கை வெந்தது. வீட்டுக்குள் மூச்சுவிட முடியாமல் வாசலுக்கு ஓட வேண்டி வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவர்களிடமும் உஷாராக இருக்க முடியும்.

பேசியது இதுதான்: ஓவன், சிம்னி, குளியலறைத் தரை, ஜன்னல்கள். எல்லாம் சேர்த்து ஒரே தொகை, பாதி முன்பணம். எங்கள் ஓவனின் பக்கச் சுவர்களில் இருப்பது கேட்டலிடிக் தகடு, அதாவது தெறிக்கும் எண்ணெயைச் சூட்டில் தானே எரித்துவிடும் பூச்சு உள்ள தகடு. அதில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது என்று ஓவனோடு வந்த கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பினேன். "என்ன போட்டுக் கழுவுவீர்கள்?" என்றும் கேட்டேன். "கெமிக்கலே கிடையாது மேடம், சமையல் சோடாவும் வினிகரும்தான், முழுக்க இயற்கை முறை" என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதில்தான் இன்றைக்கு என் கையில் இருக்கும் முக்கியமான ஆதாரம்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சூப்பர்வைசர், இன்னொருவன் இருபது வயதுகூட நிரம்பாத மாதிரி இருந்த பையன். சூப்பர்வைசர் முதலில் செய்த காரியம், ஓவன் கதவைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தது. அப்புறம்தான் விலைப் பேச்சை ஆரம்பித்தார். "இது ஹெவி கிரீஸ் மேடம், நீங்க பேசின ரேட்டு லைட் கிரீஸுக்கு. கதவு உள்பக்கக் கண்ணாடி தனி சார்ஜ்." படம் அனுப்பியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நேர்ல பார்த்தாத்தானே தெரியும்" என்றார். வேண்டாம் என்றால் முன்பணம் திரும்பாதாம், கதவை மாட்டித் தருவதற்கும் காசாம். கதவு கழன்று கிடக்கும்போது யாராலும் ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது. அவர்களுக்கும் அது தெரியும். கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்டேன்.

சமையல் சோடா டப்பா எதுவும் பையிலிருந்து வரவில்லை. லேபிள் கிழிக்கப்பட்ட வெள்ளை ஸ்ப்ரே பாட்டில் ஒன்றுதான் வந்தது. என்ன அது என்று கேட்டேன். "நம்ம சொந்த மிக்ஸிங் மேடம், எல்லாம் நேச்சுரல்" என்று சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் உள்ளே அடிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத் தகடுகளில் அடிக்காதீர்கள் என்று நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது.

பேக்கிங் டிரே இரண்டையும் பையன் சிங்க்கில் வைத்து அதே திரவத்தை ஊற்றினான். அவை அலுமினியம். ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே டிரே முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பி நுரைத்தது, தொட்டுப் பார்த்தால் டிரேயின் அடிப்பக்கம் சுட்டது. வெள்ளி நிறம் மங்கிச் சாம்பலாகி, ஓரங்களில் கறுப்பேறியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பாட்டிலில் இருப்பது காஸ்டிக் சோடா என்ற வலுவான காரம். சமையல் சோடா அலுமினியத்தில் அப்படிப் பொங்காது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், அப்போது ஹைட்ரஜன் வாயு வரும், சூடும் கிளம்பும். சிம்னியின் வலை ஃபில்டரும் அலுமினியம்தான். அதையும் ஏற்கெனவே ஒரு வாளியில் முக்கி வைத்திருந்தார்கள். வெளியே எடுத்தபோது அது கறுத்து, வலைக் கம்பிகள் பொடிந்து போயிருந்தன.

பையன் கையுறை போடவில்லை. கேட்டால், "கை வழவழன்னு இருக்குக்கா, சோப்புதான்" என்கிறான். காஸ்டிக் பட்டால் முதலில் அப்படித்தான் வழுக்கும். தோலில் உள்ள கொழுப்பையே அது சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அறிகுறி அது. எரிச்சல் தாமதமாகத்தான் வரும், வருவதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். "தம்பி, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு கையைக் குழாய்ல காட்டு" என்று அவனை இழுத்து நிறுத்தினேன். சூப்பர்வைசர் வினிகரை எடுத்துக்கொண்டு வந்தார், கையில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். காரம் பட்ட தோலில் அமிலத்தை ஊற்றினால் அந்த வினையிலேயே சூடு கிளம்பும். ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்ட வேண்டும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் பட்டாலும் முதலில் தண்ணீர்தான். இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், தாமதித்தால் பார்வையே போகும். பையனின் விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். என் ஓவனுக்கு வேறு தகடு வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. கடையில் விற்கும் ஓவன் கிளீனர்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. சூட்டில் திரும்பத் திரும்ப வெந்த எண்ணெய் பிசினாக இறுகி, பிறகு கரியாகிவிடும். அந்தப் பிசுக்கைச் சோப்பு அசைக்காது, வலுவான காரம் உடைத்துவிடும். ஆனால் கடைப் பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும். கையையும் உலோகத்தையும் அரிப்பது போன்ற எச்சரிக்கைப் படம் இருக்கும், கையுறையும் கண்ணாடியும் போடச் சொல்லும், அலுமினியத்தில் படக் கூடாது என்று சொல்லும். லேபிளைக் கிழித்துவிட்டு இயற்கை என்று சொல்லும்போது இந்த எச்சரிக்கை எல்லாமே காணாமல் போகிறது.

இப்போது அந்தக் கேட்டலிடிக் தகடுகளைப் பற்றி. உங்கள் ஓவனின் உள்சுவர் வழவழப்பாக இல்லாமல், மங்கலாக, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் உங்களுடையதும் இதுவாக இருக்கலாம். ஸ்பாஞ்ச் மாதிரி நுண்துளைகள் நிறைந்த பூச்சு அது. 200 டிகிரிக்கு மேல் ஓவனைக் காலியாகச் சூடாக்கினால், தெறித்த எண்ணெயை அந்தப் பூச்சே எரித்துத் தீர்த்துவிடும். அதைத் தேய்க்கவும் கூடாது, ஸ்ப்ரேயும் கூடாது. துளைகள் அடைபட்டால் அதன் வேலை முடிந்தது, தகடையே மாற்ற வேண்டியதுதான். எங்கள் வீட்டுத் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருக்கிறது, ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க மாவு மாதிரி வந்துகொண்டிருந்தது. பைரோலிடிக் என்ற தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் ஓவன் வைத்திருப்பவர்களும் ஸ்ப்ரேயை உள்ளே விடாதீர்கள். அது கிட்டத்தட்ட 500 டிகிரிக்குச் சூடேறி அழுக்கைச் சாம்பலாக்கும் வகை. ஒட்டியிருக்கும் ரசாயனமும் அந்தச் சூட்டில் வெந்து புகையும், எனாமலும் கெடும்.

கதவுக் கண்ணாடிக்கு உலோகச் சுரண்டியும் கம்பி நாரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். பார்வைக்குத்தானே அசிங்கம் என்று விட்டுவிட முடியாது. டஃபன்டு, அதாவது உறுதியேற்றிய கண்ணாடியில் ஆழமான கீறல் விழுந்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும், என்றைக்கோ ஒருநாள் சூட்டில் இருக்கும்போது மொத்தமாகச் சிதறக்கூடும். கதவைச் சுற்றியுள்ள கேஸ்கட்டையும் அதே திரவத்தில் ஊறவைத்துப் பிழிந்து மாட்டியிருக்கிறார்கள். இப்போது கதவு முழுசாக மூடுவதில்லை, மேல் ஓரத்தில் அனல் வெளியே வருகிறது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் குளியலறைக்குப் போயிருந்தார். முதலில் தரை முழுக்கப் ப்ளீச் ஊற்றியிருக்கிறார். அது காய்வதற்குள், கறை போகவில்லை என்று அதன் மேலேயே பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். குப்பென்று ஒரு வாடை, தொண்டை அடைத்துக்கொண்டது, கண்ணில் நீர் கொட்டியது. எல்லாரையும் வெளியே விரட்டி, ஜன்னல் கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் நின்றோம். ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் மனிதர்களைக் கொல்லத் திறந்துவிட்டார்களே, அதே வாயு. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ப்ளீச்சோடு அமோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுதான். தரையில் ஒரு பகுதி பளிங்கு. ஆசிட் பட்ட இடமெல்லாம் பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்டது. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் அதைக் கரைக்கும். திரும்பப் பாலிஷ் போட்டால் ஒழியப் போகாது.

வாடை அடங்கியதும் சூப்பர்வைசர் போனை நீட்டினார். "கஸ்டமர் திருப்தி" என்று ஒரு படிவம், கீழே கையெழுத்து. ஓவன் அதற்குள் கண்ணைப் பறிக்கிற மாதிரி பளபளத்தது. சூடாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். "இன்னைக்குச் சூடாக்கக் கூடாது மேடம், காயணும், நாளைக்குப் போடுங்க" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் போன பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து ஓவனைச் சூடாக்கினேன். சில நிமிடத்தில் நீலப் புகை. உள்ளே ஏதோ எண்ணெய் தடவித்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூலைகளில் கரி அப்படியே இருந்தது, எண்ணெய் பூசியதில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பின்னால் வந்து பார்த்த மெக்கானிக், வெப்பநிலை சென்சார் மேலும் அந்தத் திரவம் உப்பாகப் படிந்திருப்பதைக் காட்டினார். ஹீட்டிங் காயில், சென்சார், விளக்கு, விசிறி இவற்றின் மேல் எந்தக் கிளீனரும் படவே கூடாதாம்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால் முதலில் "உங்க ஓவன் பழசு" என்றார்கள். படங்களை அனுப்பியதும் "நீங்கள்தான் வேறு ஏதாவது போட்டிருப்பீர்கள்" என்றார்கள். இயற்கை முறை என்று அவர்களே எழுதிய பதிலைக் காட்டியதும் அந்த எண்ணிலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது. பையனின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

அவர்கள் எழுத்தில் சொன்ன சோடாவும் வினிகரும்கூட ஒன்றாகக் கலந்தால் பெரிய பலன் இல்லை. நுரை பார்க்கத்தான் நன்றாக இருக்கும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். இப்படிச் சொல்லி விற்பவர்களைப் பார்த்தால் அங்கேயே சந்தேகப்படலாம். சாதாரண எனாமல் உட்புறமாக இருந்தால், சோடாவை மட்டும் தண்ணீரில் குழைத்துக் கெட்டியாகப் பூசி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஈரத்துணியால் வழித்தெடுத்தால் நிறையவே வந்துவிடும். ஹீட்டிங் காயில் மேல் பூசாதீர்கள், கேட்டலிடிக் தகட்டில் பூசாதீர்கள். கம்பித் தட்டுகளைச் சுடுதண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து ஊறப் போட்டால் போதும். நேரமும் முழங்கை பலமும் வேண்டும், அவ்வளவுதான்.

ஆள்தான் கூப்பிட வேண்டும் என்றால், கதவைக் கழற்றுவதற்கு முன்னால் மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். கொண்டுவந்த எல்லாப் பாட்டிலையும் மேஜை மேல் வைக்கச் சொல்லி, லேபிள் தெரியும்படி படம் எடுங்கள். லேபிள் இல்லாதது எதுவாக இருந்தாலும் திரும்பப் பைக்குள் போகட்டும். வருகிறவர் கையில் கையுறை இல்லையென்றால் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள். ப்ளீச், ஆசிட் இரண்டில் ஒன்றுதான் வீட்டுக்குள் வரலாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஓவன், டிரே, கண்ணாடி, ஃபில்டர் எல்லாவற்றையும் வேலைக்கு முன்பு படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் இப்போது புகார் கொடுக்க முடிந்திருக்கிறது. சூடாக்கிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு சுத்தம் நடந்து, உள்ளே வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால், ஓவனைச் சூடாக்காதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, எனாமல் பகுதிகளை வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பல தடவை துடைத்தெடுங்கள். சிவப்பு லிட்மஸ் தாள் கிடைத்தால் ஈரமான இடத்தில் ஒற்றிப் பாருங்கள், நீலமாக மாறினால் காரம் இன்னும் மிச்சமிருக்கிறது. துடைப்பதற்கு முன்னால் மறக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.