பகையையும் பசியையும் காட்டிக்கொடுத்த பெட்டி

புது மீனைப் பழைய மீன்களோடு பழக்குவதற்காக மீன்தொட்டிக்குள் தொங்கவிடும் இந்தப் பெட்டியை நான் வாங்கியதற்கு ஒரு ஏஞ்சல் மீன்தான் காரணம். நான்கு அடி நீளத்தில், ஏறக்குறைய 200 லிட்டர் நீர் பிடிக்கும் என் தொட்டியில் இரண்டு ஆண்டுகளாக மூன்று ஏஞ்சல்கள் வளர்கின்றன. அவற்றில் பெரியது இடப்பக்க மரக்கட்டையைத் தன் பெயருக்குப் பட்டா எழுதி வைத்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு புது ஏஞ்சலை மாலையில் விட்டேன். காலையில் அது ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது, வால் நார் நாராகக் கிழிந்திருந்தது. அன்று தேட ஆரம்பித்து வாங்கியதுதான் இந்தத் தொங்கு பெட்டி. ஆறு மாதம் பயன்படுத்திய பின் எழுதுகிறேன். ஒரே அச்சில் வார்த்து வெவ்வேறு முத்திரையோடு விற்கப்படும் சாதாரணப் பொருள் என்பதால் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக். நீளம் 20 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 15. சுவர்களில் நெடுக்காகக் கீறல் கீறலாக இடைவெளிகள். நான்கு ரப்பர் உறிஞ்சிகளால் தொட்டியின் உட்சுவரில் ஒட்ட வேண்டும். மூடி கிடையாது. புது மீன் பெட்டிக்குள், பழைய மீன்கள் வெளியே. ஒன்றையொன்று பார்க்கலாம், ஒரே நீர் ஓடுவதால் வாடையும் அறியலாம், கடிக்க முடியாது.

முதலில் இதோடு வந்த துண்டுத்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபமெல்லாம் அதன்மேல்தான். மீனை அது வந்த பிளாஸ்டிக் கவரின் நீரோடு சேர்த்துப் பெட்டிக்குள் ஊற்றச் சொல்கிறது. செய்யாதீர்கள். கட்டிய கவருக்குள் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து நீர் அமிலப் பக்கம் சாய்கிறது. அதனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதிகம் கேடு செய்யாத வடிவில் அடங்கிக் கிடக்கிறது. கவரைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் (நீரின் அமில-கார அளவு) ஏறும், அதே அம்மோனியா நஞ்சாக மாறும். பக்கத்திலிருந்து அரைமணி நேரத்தில் கொண்டுவந்த மீன் என்றால் இந்தக் கவலை பெரிதில்லை. நாள் முழுக்கக் கவரில் பயணம் செய்த மீனுக்கு இதுவே எமன். நான் கட்டிய கவரை அப்படியே இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குகிறேன். பிறகு திறந்ததும் தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்துவிட்டு, அந்த நீரைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறேன்.

அதே தாளில் இன்னொரு பொய்: இந்தப் பெட்டி நோய்த்தடுப்புக்கும் உதவுமாம். நம்பினேன். மூன்று முத்து கௌராமி மீன்களை வாங்கி நேராகப் பெட்டிக்குள் விட்டேன். ஐந்தாம் நாள் அவற்றின் துடுப்புகளில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். அடுத்த சில நாட்களில் வெளியே இருந்த ஏஞ்சல்களுக்கும் அதே. வெண்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணி தன் வாழ்வின் ஒரு கட்டத்தில் நீரில் தானே நீந்தி அடுத்த மீனைத் தேடும். என் சுட்டுவிரல் நகம் நுழையும் கீறல் அதற்கு எம்மாத்திரம்? மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, நீந்தும் கட்டத்தில்தான் பிடிக்கும். அதனால் தொட்டி முழுக்க இரண்டு வாரம் மருந்தோடு மல்லுக்கட்டினேன். ஒரே நீரில் இருப்பது எதுவும் தனிமை ஆகாது. இப்போது எந்த மீன் வந்தாலும் மூன்று வாரம் வேறொரு சிறு தொட்டியில், நல்ல நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு. அதற்குப் பிறகுதான் பெட்டி.

இனி பெட்டியின் நல்ல பக்கம். நோய் தீர்ந்து சில வாரம் கழித்து, ஐந்து சென்டிமீட்டர் அளவில் இரண்டு ஏஞ்சல் குஞ்சுகள் தனிமை முடித்து இதற்குள் வந்தன. முதல் இரண்டு நாள் பெரியது செவுள்களை விரித்துக்கொண்டு வந்து அக்ரிலிக்கில் முட்டிய சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாம் நாள் தீவனம் போடும் நேரத்தில் மட்டும் முட்டியது. ஐந்தாம் நாள் பெட்டியைக் கடந்து போனபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிரவு விளக்கை அணைத்து, மரக்கட்டையை இடமிருந்து வலத்துக்கு மாற்றி வைத்து, இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன். எல்லைக்கல் பெயர்ந்துபோனதால் பட்டாதாரருக்கே தன் நிலம் எதுவென்று தெரியவில்லை. ஒன்றிரண்டு துரத்தல் இருந்தது, துடுப்பு எதுவும் கிழியவில்லை. பெட்டி இல்லாமல் கட்டையை மட்டும் மாற்றியிருந்தாலும் இது நடந்திருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் அந்த ஐந்து நாளும் நான் பார்த்த மாற்றம் கண்கூடானது.

நான் எதிர்பார்க்காத பயன் நியான் டெட்ரா என்னும் சிறு மீன்களால் கிடைத்தது. அக்கா மகன் தன் சிறு தொட்டிக்குக் கேட்டிருந்த பன்னிரண்டில், ஆசைப்பட்டு ஆறை என் பெட்டியில் விட்டுப் பார்த்தேன். ஏஞ்சல்கள் முட்டவில்லை, செவுள் விரிக்கவில்லை. பரவாயில்லையே என்று நினைத்து அரைமணி நேரம் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. உடலை அசைக்காமல், துடுப்பை மட்டும் துடித்துக்கொண்டு, நியான் போகும் பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டே நின்றது பெரியது. சண்டைப் பார்வை வேறு, பசிப் பார்வை வேறு. முழு வளர்ச்சி அடைந்த ஏஞ்சலின் வாய்க்குள் நியான் அடங்கும். அடங்கினால் அது உணவுதான். எத்தனை நாள் பெட்டியில் வைத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஆறும் அன்றே அக்கா மகனிடம் போய்ச் சேர்ந்தன. சின்ன நியான் ஒன்று கீறல் வழியாகப் பாதி உடலை வெளியே நீட்டியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த மெல்லிய மீனுக்கு இந்தப் பெட்டி ஆகாது.

ஏமாந்த கதையும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தொட்டியைக் கலைத்தபோது அவருடைய டைகர் பார்ப் மீன் இரண்டை ஏற்றுக்கொண்டேன். பெட்டிக்குள் பரம சாதுக்கள். திறந்துவிட்ட ஒரு மணி நேரத்தில் ஏஞ்சல்களின் நூல் போன்ற அடித்துடுப்புகளை மாறி மாறிக் கொத்திக்கொண்டிருந்தன. அந்த இனம் எட்டுப் பத்தாகக் கூட்டம் போட்டால் தங்களுக்குள்ளேயே முட்டிமோதிக்கொள்ளும். இரண்டாக விட்டால் நீளத் துடுப்பு வைத்தவனுக்குத்தான் கேடு. வெளியில் இருப்பவனின் குணத்தைப் பெட்டி காட்டும், உள்ளே அடைபட்டவனின் குணத்தைக் காட்டாது. பார்ப்களை வலையால் பிடிக்கப் பாதிச் செடிகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. புது வீடு கிடைக்கும்வரை அவற்றுக்கு இதே பெட்டி சிறையாக இருந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

குறைகள்: உறிஞ்சிகள் மூன்றாம் மாதமே இறுகிப்போய் விழத் தொடங்கின. கீறல்கள் அடியில் இல்லாததால் மிஞ்சிய தீவனம் மூலையில் தங்கி அழுகுகிறது, தினமும் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் வலைத்துண்டு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். எட்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீனை இதில் நாள்கணக்கில் வைப்பது கொடுமை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். அந்தத் துண்டுத்தாள் இல்லாமல் விற்றிருந்தால் நான்கு.

இந்த வரிகளை எழுதும்போது தனிமைத் தொட்டியில் ஆறு கோரிகள் (அடியில் மேயும் சிறு கெளுத்தி மீன்கள்) மணலைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. இன்று பதினோராம் நாள். பெட்டியை நைலான் கம்பியால் தொட்டி விளிம்பில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். பெரிய ஏஞ்சல் காலையிலிருந்து இரண்டு முறை வந்து காலிப் பெட்டியை முறைத்துவிட்டுப் போயிருக்கிறது.