மணலுக்குக் கீழே கல்: எட்டு மாதம் பாவித்த சொட்டு நீர்க் குழாய்கள்

எங்கள் தோட்டத்தில் வாழைக்குக் குழி வெட்டும்போது இடுப்பளவு இறங்கியதும் அலவாங்கு "டங்" என்று நிற்கும். அதுவரைக்கும் மணல் கலந்த செம்மஞ்சள் மண். கையில் அள்ளிப் பொத்திப் பிடித்துவிட்டு விரித்தால் உருண்டையாக நிற்காது, உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அந்தக் கல்லின் மேல்தான் இருக்கிறது. பருத்தித்துறைப் பக்கம் கரையோரம் போனால் மண்ணே இல்லாமல் கல் வெளியில் தெரியும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் வாங்கிய சொட்டு நீர்த் தொகுதியின் விளம்பரத் தாளில் எல்லாம் இருந்தது, மண் மட்டும் இல்லை.

அப்பா காலத்தில் துலா, பிறகு மண்ணெண்ணெய் மெஷின், இப்போது மின் மோட்டர். எது மாறினாலும் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற ஒரு ஆள் மண்வெட்டியோடு நிற்கவேண்டும். அந்த ஆள்தான் இப்போது கிடைப்பதில்லை. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள், முழங்காலும் ஓய்வுபெற்றுவிட்டது. நாலு பரப்பில் இரண்டு பரப்புக்கு, ஒன்று வெங்காயம் ஒன்று மிளகாய், சொட்டு நீர் போடலாம் என்று கடந்த மார்கழியில் முடிவெடுத்தேன். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதால், குழாய் போட்டது ஏக்கரில் எட்டில் ஒன்றுதான். 64,000 ரூபா முடிந்தது. கம்பனியின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. சாமான் மோசமில்லை. வேறொரு மண்ணுக்குச் செய்ததை என் மண்ணுக்கு விற்றார்கள், வாங்கிய நானும் கேட்கவில்லை.

பெட்டிக்குள் 16 மில்லிமீற்றர் குழாய்ச் சுருள்கள், ஒரு தட்டு வடிகட்டி, உரம் கலக்கும் வெஞ்சூரி, வால்வுகள், குழாய் நுனியை அடைக்கும் வால் மூடிகள். குழாயில் 60 சென்ரிமீற்றருக்கு ஒரு டிரிப்பர், அதாவது தண்ணீர் சொட்டும் வாய், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லீற்றர். பொருத்த வந்த தம்பி ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டான், மூட்டுகளில் ஒரு கசிவு கிடையாது. அதற்கு முழுப் புள்ளி போடலாம். போகும்போது "ரீச்சர், காலமை ஒரு மணித்தியாலம் திறந்துவிடுங்கோ, காணும்" என்றான்.

மூன்றாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒரு டிரிப்பரின் பக்கத்தில் மண்ணை நேராக வெட்டிப் பார்த்தேன். மேலே ஈரம் ஒரு சாண் அகலம்தான். அதே ஈரம் கீழே இரண்டடிக்கு மேல் இறங்கியிருந்தது. கரட் கிழங்கை நிறுத்தி வைத்தது போன்ற வடிவம். களி மண்ணில் சொட்டும் தண்ணீர் பக்கவாட்டில் பரவும். மணலில் நுண்துளைகள் பெரிது, உறிஞ்சிப் பக்கத்துக்கு இழுக்கும் சக்தி குறைவு, அதனால் தண்ணீர் நேரே கீழே போகும். படிப்பித்த பாடம்தான், ஆனால் பாடத்தில் என்னுடைய 64,000 ரூபா இருக்கவில்லை.

வெங்காயத்தின் வேர் மேல் ஒரு அடிக்குள்தான் கிடக்கும். நான் கொடுத்த தண்ணீரில் பாதிக்கு மேல் வேரைத் தாண்டி, கல்லின் வெடிப்புகளுக்குள் போய், என்னுடைய கிணற்றுக்கே திரும்பிப் போயிருக்கும். கறண்ட் பில் கட்டித் தண்ணீரை ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருக்கிறேன். தை நடுவில் பாத்தியைப் பார்த்தால் டிரிப்பர் உள்ள இடங்களில் வெங்காயம் கொழுத்துப் பச்சைத் திட்டாக நின்றது, இரண்டு திட்டுக்கும் நடுவில் நுனி காய்ந்து வெளிறியிருந்தது. அயல்வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், வெங்காயத்துக்குப் புள்ளி போட்டனீங்களோ?" என்றார்.

நேரத்தைக் குறைத்துப் பிரித்தது கொஞ்சம் உதவியது. ஒரு மணி நேரத்தை ஒரேயடியாக விடாமல், காலையில் பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து நிமிடம். தண்ணீர் ஆழத்துக்கு ஓடுவது குறைந்தது. ஆனால் அகலம் ஒரு சாணுக்கு மேல் போகவே இல்லை. பாதிப் பாத்திகளுக்குப் பழையபடி வாய்க்கால் வெட்டி இறைத்துத்தான் பயிரைக் காப்பாற்றினேன். வெங்காயத்துக்கு வாங்குபவர்கள் 20 சென்ரிமீற்றர் இடைவெளி, மணிக்கு ஒரு லீற்றர் அல்லது ஒன்றரை லீற்றர் டிரிப்பர் கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லை என்றால் எடுப்பித்துத் தரச் சொல்லுங்கள். இருப்பதைத் தலையில் கட்ட விடாதீர்கள்.

பங்குனியில் அடுத்த கூத்து. மிளகாய்ப் பக்கம் சில டிரிப்பர்கள் நின்றுவிட்டன. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன், ஒன்றும் மாறவில்லை. ஒரு துண்டுக் குழாயை வெட்டியெடுத்து, டிரிப்பரைக் கத்தியால் பிளந்து மூக்குக் கண்ணாடியோடு பார்த்தேன். உள்ளே தண்ணீர் வளைந்து வளைந்து போகும் சின்ன ஓடை, அதன் ஒவ்வொரு வளைவிலும் வெள்ளைப் பொருக்கு. கேத்தல் அடியில் பிடிக்குமே, அதே சாமான். வினாகிரி ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை எடுத்து மென்னமிலமாகிறது, அந்த மென்னமிலம் கல்லைக் கரைக்கிறது. அதே தண்ணீர் வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் சூடேறினால் வாயு வெளியேறி, கரைந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகப் படிகிறது. வடிகட்டி இதைப் பிடிக்காது, ஏனென்றால் வடிகட்டியைத் தாண்டும்போது அது தூளாக இல்லை, கரைசலாக இருக்கிறது. கடைக்கு எடுத்துச் சொன்னேன். "தண்ணியிலை பிழை, எங்கடை சாமானிலை பிழை இல்லை" என்று பதில் வந்தது. சரி, உண்மைதான். ஆனால் குடாநாட்டில் கடை வைத்திருப்பவருக்குக் குடாநாட்டுத் தண்ணீர் தெரியாதா?

வழி ஒன்று இருக்கிறது. சிற்றிக் அமிலத் தூளைத் தாங்கித் தண்ணீரில் கரைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 4 அளவு காட்டும்வரை சேர்த்து, குழாய்கள் நிறையும்வரை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு வால் மூடிகளைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். முதல்முறை வெளியே வந்தது பால் மாதிரி இருந்தது. மாதம் ஒருமுறை செய்கிறேன், அடைப்பு அநேகமாக நின்றுவிட்டது. சிலர் ஐதரோகுளோரிக் அமிலம் பாவிக்கிறார்கள், மலிவு. எனக்குத் துணிவில்லை. பாவிப்பதானால் தண்ணீருக்குள் அமிலத்தை விடுங்கள், அமிலத்துக்குள் தண்ணீரை விடாதீர்கள். குழாய்களை வைக்கோலால் மூடினால் சூடும் குறையும்.

இந்தத் தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது வெஞ்சூரி. மணல் மண் உரத்தைப் பிடித்து வைக்காது. யூரியாவை ஒரேயடியாக எறிந்தால் அது நைத்திரேற்றாக மாறி அடுத்தடுத்த இறைப்புகளில் கீழே போய்விடும். போகும் இடம் நாங்கள் குடிக்கும் தண்ணீர். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெஞ்சூரி இருந்தால் யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, கிழமைக்கு இரண்டு தடவை கொடுக்கலாம். மிளகாய்க்கு முந்திய வருடம் போட்டதில் பாதியளவுதான் போட்டேன், காய்ப்பில் குறை தெரியவில்லை.

அதே வெஞ்சூரியில் ஒரு முட்டாள்வேலையும் பார்த்தேன். மிளகாயின் குருத்திலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மஞ்சள் நிறமே இரும்புதான். சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றி வைப்பதால் வேரால் எடுக்க முடியவில்லை. அந்த அவசரத்தில் பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பைக் கரைத்து வெஞ்சூரியால் விட்டேன். தண்ணீரிலிருந்த சுண்ணாம்போடு சேர்ந்து துருநிறக் குழம்பாகி, வடிகட்டி அரை மணி நேரத்தில் இறுகிவிட்டது. பொஸ்பேற் உரத்துக்கும் இதே கதைதான், கல்சியத்தோடு சேர்ந்து படியும். எனவே வெஞ்சூரிக்கு யூரியாவும் பொட்டாசும் மட்டும். இரும்பை இலையில் தெளியுங்கள். மண்ணுக்கே கொடுப்பதென்றால் ஈடிடிஎச்ஏ வகை இரும்பு கேளுங்கள், ஈடிடிஏ வகை இந்தக் கார மண்ணில் நிலைக்காது.

மிளகாய்க்கு இந்தத் தொகுதி நல்லது என்றே சொல்வேன். கன்றுகளையே 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, டிரிப்பருக்கு நேராக நட்டேன், வேரும் ஆழமாகப் போகும். நடுவில் ஈரம் இல்லாததால் களையும் குறைவு. மிஞ்சிய துண்டுக் குழாயை வாழைக்கு, மரத்துக்கு நாலு டிரிப்பர் வரும்படி வட்டமாகப் போட்டேன், அதுவும் சரி. ஆனால் வாழைக்குழிக்குள் பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்தியிருந்தேன். ஈரம் அங்கே இரண்டு சாண் அகலத்துக்குப் பரவியிருந்தது. குழாய்க்குச் செலவழித்ததில் கால்வாசியை எருவுக்குச் செலவழித்திருந்தால் வெங்காயமும் தப்பியிருக்குமோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அப்பா வருடாவருடம் குழை தாழ்த்தினார். நான் ஆள் இல்லை என்று ஐந்து வருடம் விட்டுவிட்டேன்.

தண்ணீர் மிச்சம் பிடிப்பதை இங்கே வெறும் பில் கணக்காகப் பார்க்க முடியாது. குடாநாட்டின் நன்னீர் கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நீர் நாற்பது அடி ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் கிணறு ஆவணியில் எப்போதும் கொஞ்சம் சவர்க்கும். இந்த ஆவணியில் தேத்தண்ணியில் அந்தச் சுவை தெரியவில்லை. ஒரு வருடத்தை வைத்துக் குழாய்க்குப் புகழ் கொடுக்க முடியாது, மாரியில் மழை நன்றாகப் பெய்ததும் காரணமாக இருக்கலாம்.

புள்ளி கேட்டால் மிளகாய்க்கு ஐந்துக்கு நாலு, வெங்காயத்துக்கு ஒன்றரை. பொருத்திய தம்பிக்கு ஐந்து. விற்பனைக்குப் பிந்திய கவனிப்புக்கு ஒன்று, அதுவும் தொலைபேசியை எடுத்ததற்காக.

போன கிழமை 20 சென்ரிமீற்றர் குழாய்க்கு வேறு கடையில் சொல்லிவிட்டு வந்தேன். அங்கிருந்த பிள்ளை முதலில் கேட்டது, "அம்மா, உங்கடை தோட்டம் எந்தப் பக்கம், கல்லு எத்தினை அடியிலை?" பில் போட முதலே முற்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.