குறைந்த விலையில் நல்ல பைனாகுலர்: கண்மாய்க்கரையில் பழகிய அனுபவம்

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிசாத் தெரியும்?" என்றுதான். 10,000 ரூபாய்க்குள் வாங்க நினைத்தால் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. சில வருஷமாக ஒரு 8×42-ஐத் தோளில் மாட்டிக்கொண்டு காரைக்குடி, திருப்பத்தூர் பக்கமெல்லாம் சுற்றுகிறேன். இன்னொன்று வாங்கினாலும் இதே அளவுதான்.

8 என்பது பெருக்கம். 42 முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. வரும். கண்ணில் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது. சட்டைப்பையில் அடங்கும் 10×25-இல் வெறும் 2.5. உச்சிவெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது. வேட்டங்குடி சரணாலயத்தின் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாயில் பொழுது சாயும் நேரம் நின்று பாருங்கள். பறவைகள் மரத்துக்குத் திரும்பும் அந்த வேளையில் நம் கண்பாவை விரிந்திருக்கும், சின்ன பைனாகுலரோ மங்கிவிடும். என்னுடையதில் நத்தைகுத்தி நாரையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் இடையே உள்ள சந்து வரை துலக்கமாகத் தெரியும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே போய் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வர மனசு வராது.

பெருக்கம் கூடக்கூடக் கைநடுக்கமும் கூடவே பெருகும். சித்திரை வெயிலில் கானல் வேறு படத்தை நெளிய வைக்கும். மலிவு விலையில் 30×60 என்றோ ஜூம் என்றோ எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். செக்கச்செவேல் என்று மின்னும் கண்ணாடியும் அப்படித்தான்: சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நிறங்கள் மாறிப்போகும்.

நான் வாங்கியது குழல் வளைந்த போரோ பிரிசம் வகை (பிரிசம் என்பது உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி). நேர்க்குழல் கொண்ட ரூஃப் பிரிசம் கைக்கு அடக்கமானது, ஆனால் அதில் படம் கூர்மையாக விழத் தனிப்பூச்சு ஒன்று தேவை. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. போரோவுக்கு அந்தச் செலவே இல்லை.

கடையில் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி பின்கண்ணாடியைக் கவனியுங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் பேக்-4 என்னும் தரமான கண்ணாடியில் செய்த பிரிசம் என்று நம்பலாம். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் மட்டமான பிரிசம். பிறகு தூரத்துக் கோபுரக் கலசத்தைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ குழல்கள் நேராக இல்லை, வேறொன்று கேளுங்கள்.

குறை உண்டு. முக்கால் கிலோ எடை, மெல்லிய வார் கழுத்தை அறுக்கும். அகலமான வார் மாற்றியபின் நிம்மதி. மழை தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டால் படத்தின் நடுப்பகுதிதான் தெரிகிறது, அதனால் கழற்றிவிட்டுத்தான் பார்க்கிறேன். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கு அது சரிப்படும், குவியத்தைத் திருகிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கழற்ற முடியாது. அவர்கள், பின்கண்ணாடியிலிருந்து கண் வைக்கும் தூரம் 15 மி.மீ.க்குக் குறையாததாகக் கேட்டு வாங்குங்கள்.